குப்பைக்குப் போன பின்கதவு

2006 ஒக்ரோபர் 14, சனி

நான் என் கையால் செய்த பின்கதவை இன்று குப்பைக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் பார்க் எக்ஸ்டென்ஷன் கடைத்தெருவுக்கு மரக்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, மகன் ரவி ஆள் பிடித்துப் புதுக் கதவு போட்டிருக்கிறான்.

ஒரு கோடை முழுவதும் பேஸ்மென்டில் நின்று சீவிச் சீவிச் செய்த கதவு. ஒருவரும் எனக்குப் பழக்கவில்லை. பூட்டும்போது 'டப்' என்று அடங்கும். அந்தச் சத்தத்துக்காகவே சும்மா திறந்து பூட்டியிருக்கிறேன்.

"காத்து வருதப்பா," என்றான் ரவி.

"குளிருக்கு மரம் சுருங்கும். செய்த எனக்குத் தெரியாதே?"

"எறியச் சொல்லி நான் சொல்லேல்லை. அம்மாவைக் கேளுங்கோ."

வேலையாள் பழைய கதவையும் கராஜையும் காட்டி, அங்கே வைக்கவோ என்று பிரெஞ்சில் கேட்டிருக்கிறான். என் மனைவி மேரி, ஓம், வைக்கலாம் என்று நம் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டியிருக்கிறாள். வேண்டாம் என்கிறாள் என்று நினைத்து அவன் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

"வாயில நாக்கு இல்லையோ?" என்று கேட்டேன்.

"பிரெஞ்சில ஓம் சொல்ல நீங்கள் பழக்கினனீங்களே?" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

ரவி நாளைக்கே அந்த ஆளுக்கு போன் எடுக்க வேண்டும். அவன் எங்கே எறிந்தானோ அங்கிருந்து கதவைக் கொண்டுவர வேண்டும். அதுவரை நான் முன்வாசலால்தான் போவேன். மேரி இனி எதையும் வாயால் சொல்ல வேண்டும். காலையில் தேத்தண்ணி வேணுமோ என்று அவள்தான் முதலில் கேட்க வேண்டும். நான் தலையாட்டுவேன்.