எழுப்பாத பகல்

ஹால்வருக்கு,

சிக்னேக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டாயிற்று. நீ மலைக்குடிலிலிருந்து திரும்பும்போது வீடு காலியாக இருக்கும், பதறாதே.

நேற்று நான் இரவுப் பணி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டு வரும் வழியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தவள், வீட்டுக்கு வந்து உனக்குத்தான் போன் செய்திருக்கிறாள். "அம்மாவ எழுப்பாத, பாவம். நான் வந்து பாத்துக்கறேன்" என்றாயாமே. அங்கிருந்து வர அரை நாள் ஆகும் என்பது குழந்தைக்கு எப்படித் தெரியும்? போனை வைத்துவிட்டு நீ நண்பர்களோடு பனிச்சறுக்கு விளையாடப் போய்விட்டாய்.

நான் எழுந்தபோது இருட்டிவிட்டது. அவள் சமையலறையில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் நாடாவை அவிழ்க்க முடியவில்லையாம்.

என் மருத்துவமனைக்கே கொண்டுபோனேன். "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அம்மா தூங்கினாங்க. எனக்கு ஒண்ணும் அவ்வளவா வலிக்கல."

என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஊரார் பிள்ளைகள் முனகினாலே ஓடுகிறவள் நான்.

உனக்குத்தான் என் தூக்கத்தின்மேல் எத்தனை கரிசனம்!

இப்போது என் அக்கா வீட்டில் இருக்கிறோம். இன்று பகலில் சிக்னே என்னை உலுக்கி எழுப்பினாள். "என்னடி, வலிக்குதா?" என்று பதறினேன்.

"இல்லம்மா. எந்திரிப்பியான்னு பாத்தேன்."

நீ வர வேண்டாம்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா