வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது

வண்டியிலிருந்து
9-1-1956

அன்பு மகன் ஹனீபுக்கு வாப்பா பக்கீர் முகம்மது ஸலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் நான், உன் உம்மா, தங்கை பரீதா, நம் பழைய வண்டி எல்லாரும் இருந்தபடியே இருக்கிறோம். சிங்கப்பூரில் உன் உடம்புக்கும் வேலைக்கும் குறையில்லை என்று நீ எழுதினால்தான் உன் உம்மாவுக்குச் சோறு இறங்கும். சோறு என்றால் அவரைக்காய்ச் சோறு, ஒரு மாதமாக வேறு காயின் முகத்தையே நான் பார்க்கவில்லை.

முதலில் மானக்கேடான சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது உனக்கு எழுதுவதற்கு முன்னால். போன வாரம் உன் வாப்பாவான நான் இன்னொருத்தர் வீட்டைத் தன் வீடு என்று சொல்லி, அந்த வீட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, அகப்பட்டுக்கொண்டேன். முன்பல் இரண்டும் போன பிறகும் சந்தையில் நின்று பல்பொடி விற்கிறவனுக்கு வெட்கம் ஏது என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் வெல்லக் கடை வைத்திருக்கும் கமர் நிஷா, தன் மகனுக்குப் பரீதாவைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினாள். பையன் நல்ல பையன், நாலு பேரிடம் விசாரித்தேன், நாலு பேரும் அவன் சாதுவென்றார்கள், ஒருத்தர் மட்டும் அம்மாவுக்குப் பயந்தவன் என்றார், அதுவும் நல்லதுதான் என்று வைத்துக்கொண்டேன். பரீதாவுக்கு இருபத்து மூன்று ஆகிறது. முன்னால் வந்த இரண்டு இடத்தாரும் வண்டியைப் பார்த்துவிட்டு, கதவு எந்தப் பக்கம் என்று தேடின மாதிரி ஒரு சுற்று சுற்றி, படியில் கால் வைக்காமலே போய்விட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட ஆஸ்பத்திரி வண்டியை வாங்கி, பெண்டாட்டி பிள்ளைகளை அதில் ஏற்றிக் குடித்தனம் வைத்தவன் நான்தானே. நீ படுத்த மேல்பலகையில் இப்போது வெங்காயம் இருக்கிறது. மழையில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது, முன்பு இரண்டு இடம்தான். குளிக்க ஊர் விழிக்கும் முன்னால் யார் வீட்டுக் கிணற்றடியிலாவது போய் நிற்க வேண்டும், உம்மாவுக்கு முழங்கால் வீங்கி வண்டிப் படிகளில் பக்கவாட்டாகத்தான் இறங்குகிறாள்.

ஆகவே இந்தத் தடவை வண்டியைக் கண்ணில் காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். பொன்னேரியில் நம் கடிதங்களை வாங்கி வைக்கும் அசன் முகைதீன் குடும்பத்தோடு மெட்ராசுக்குப் போவதாக இருந்தார், அவர் வீட்டைச் சாயங்காலம் வரை கேட்டு வாங்கினேன். மூன்று பேரும் ரயிலில் போய் இறங்கி, அவருடைய நாற்காலிகளைத் துடைத்து, அவருடைய கோப்பைகளை எடுத்து வைத்தோம். பரீதாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் என்னை எதிர்த்துப் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. பெண்கள் நாலு பேர் வந்தார்கள். ஆம்பிளை இருக்கக் கூடாதென்று நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன், கேட்காமல் இருக்கத்தான் முடியவில்லை. கமர் நிஷா பரீதாவின் முடியைப் பார்த்தாள், ஊசியில் நூல் கோக்கச் சொன்னாள், ஒரு சூரா ஓதச் சொன்னாள், உன் தங்கை தடங்கல் இல்லாமல் ஓதினாள். எங்கள் ஊட்டுக்கு இப்படி ஒரு குரல் வரணும் என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கதவுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்குள் அஸர் நேரம் ஆகிவிட்டது. தொழுதுவிட்டுப் புறப்படுகிறோம், பாயைப் போடுங்கள் என்றாள். உன் உம்மா பாயை எடுத்தாள், கூடத்தின் நடுவில் நின்றாள், பத்து வருஷமாகக் கேட்கிற மாதிரியே கேட்டாள்:

"பரீதா, வண்டி இன்னிக்கு எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தொழ முகம் திருப்புகிற கிப்லா என்றைக்கும் ஒரே சுவர். பொன்னேரிச் சந்தையில் டிரைவர் சீட்டுப் பக்கம் இருக்கிற கிப்லா ஊத்துக்கோட்டையில் பின்கதவுப் பக்கம் போய்விடும் என்பது நமக்குத்தான் தெரியும். ஊடு கூடத் திரும்புமா இன்னா என்று ஒருத்தி சிரித்தாள். பரீதா தலையைக் குனிந்தபடி, இது அசன் முகைதீன் மாமா ஊடு, நாங்க இருக்கறது வண்டியில என்று சொல்லிவிட்டாள். நான் எதிர்பார்த்தது போலக் கமர் நிஷா எழுந்து போகவில்லை. அவளும் கொஞ்சம் சிரித்தாள். சரி, வண்டியோ குடிசையோ, அது எந்த ஊரில் நிற்கிறது, அதைச் சொல்லுங்கள் என்று நிதானமாகத்தான் கேட்டாள். அங்கேதான் நான் கதவைத் தள்ளிக்கொண்டு, தொப்பியில் ஒட்டடையோடு வெளியே வந்தேன். சந்தைக் குரல் தானாக வந்துவிட்டது. இன்றைக்குப் பொன்னேரி, நாளைக்குத் திருவள்ளூர், அதற்கு மறுநாள் பொதட்டூர்பேட்டை, ஒரு ஊரில் நாலு நாள் எங்களைப் பிடித்து வைக்க எவனாலும் முடியாது, பக்கீர் பல்பொடிக்கு ஊர் ஊராகக் காத்திருக்கிறார்கள் என்று அடுக்கினேன். அவள் கேட்டு முடித்தாள். பரீதாவின் தலையை ஒரு தடவை தடவினாள். பிறகு சொன்னாள்:

"பொண்ணு தங்கம் பாய். நானும் ஊடு ஊடா பாத்துக்கினு வரேன், இப்டி ஒண்ணு கெடைக்கல. ஆனா தலைப்பிரசவத்துக்கு இவள எந்தச் சந்தைக்கு அனுப்பறது?"

எனக்கு எதற்கும் பதில் இருக்கும் என்று நீயே சொல்வாய். அன்றைக்குத் தொப்பியைக் கழற்றி ஒட்டடையைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் பக்கத்து வீட்டில் போய்த் தொழுதுவிட்டுக் கிளம்பினார்கள், தேத்தண்ணீர் ஆறிக் கிடந்தது. அதை நானே குடித்தேன், நாலு கோப்பையும். திரும்பி வரும்போது ரயிலில் பரீதா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "அவங்க கேட்டப்ப நெசத்த சொல்லியிருக்கலாமே வாப்பா." அதைத்தான் நீயே சொல்லிவிட்டாயே என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து தேவைக்குத்தான் பேசுகிறாள். உம்மா தன் வாயால்தான் கெட்டது என்று புலம்பிக்கொண்டிருக்கிறாள், நானும் இல்லை என்று சொல்லும் தைரியம் இல்லாமல் இருக்கிறேன். இப்போது அவள் தொழுகைக்குப் பக்கம் கேட்பதில்லை. தானே பாயை விரிக்கிறாள், சரியாகவே விரிக்கிறாள்.

பரீதா கல்யாணத்துக்கென்று நீ வாங்கி வைத்திருக்கும் பட்டுப் புடவையை அங்கேயே பெட்டியில் வைத்திரு, கற்பூரம் போட்டு வை, இப்போது அனுப்பாதே. நீ அறை மாற்றப் போவதாக எழுதியிருந்தாய், வாடகை கூடினாலும் தரையோடு ஒட்டின கதவுள்ள இடமாகப் பார். அடுத்தவர் குடையை இரவல் வாங்காதே, திருப்பித் தர மறப்பாய், அது என்னிடமிருந்து வந்த புத்தி. உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத மீனைச் சாப்பிடாதே. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளையும், நிலைத்த இடத்தையும், என்னைவிட அடங்கின நாக்கையும் தரட்டும் என்று துஆ செய்கிறேன். உம்மாவும் தங்கையும் ஸலாம் சொல்லச் சொன்னார்கள், தங்கை சொல்லவில்லை, நானாக எழுதினேன்.

இப்படிக்கு உன் வாப்பா
பக்கீர் முகம்மது

பி.கு. இனிமேல் பொன்னேரிக்கு அசன் முகைதீன் விலாசத்துக்குக் கடிதம் போடாதே, அங்கே போக எனக்கு முகமில்லை. மீஞ்சூர் பள்ளிவாசல் பின்புறம் என்று போட்டால் கைக்கு வரும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சித்திரையில் வண்டி இஞ்சின் அங்கேதான் நின்றுபோனது, சந்தைகளுக்கு நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வருகிறேன். தபால்காரருக்கு அடையாளம் தெரியும். முன்சக்கரத்தடியில் உம்மா ஊன்றிய அவரை கூரை வரைக்கும் ஏறியிருக்கிறது, இது இரண்டாம் வருஷத்துக் காய்.