விருதுகளை விழுங்கிய தாளத்தட்டு

நலம் விளைக, நாடு தழைக்க. மழை தவறாத கருங்குன்ற நாட்டின் அரச ஓலைகளுக்குத் தலைவராம் திருமந்திர ஓலைநாயகம், சொல் தவறாதவரும் சொன்னதை இரண்டாம் முறை சொல்ல விரும்பாதவருமாகிய சோமாசி வேளார் திருமுன்பு, மருதவேலி நாட்டு வாத்திய மண்டபத்துக் கண்காணி மாறன் குழைக்காதன் தண்டனிட்டு விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் தளும்புக. தங்கள் யானைகள் கொழுக்க. தங்கள் தூதரின் செவிகள் விரைவில் குணமடைக.

பிழை செய்தவன் அதை எழுதும்போது ‘யான்’ என்று எழுதலாகாது என்பது எங்கள் நாட்டு வழக்கு. அடுத்தவன் பிழை போல் எழுதினால்தான் ஒன்றுவிடாமல் வருமாம். ஆகவே இனிக் குழைக்காதன் என்று வருமிடமெல்லாம், எழுத்தாணி பிடித்த இக்கையையே கொள்க.

எங்கள் இளவரசி நல்லமங்கையாரைத் தங்கள் இளவரசர்க்குப் பேசி முடிக்க வந்த தூதர் விழுப்பரையர்க்கு வரவேற்பு நடந்த நாளில்தான் அது நேர்ந்தது. எங்கள் நாட்டில் மரியாதை என்றால் அளவு. வருபவர் பெரியவராக ஆகக் குடை பெரிதாகும், விளக்கு பெரிதாகும், விசிறி பெரிதாகும். முன்பொருமுறை ஒரு பேரரசர்க்கு நால்வர் சுமந்து வந்த தாம்பூலத் தட்டில் வெற்றிலை எங்கே இருக்கிறது என்று அவர் எழுந்து நின்று தேட வேண்டியதாயிற்று. அதை இன்றும் எங்களவர் பெருமையாகவே சொல்லிக்கொள்வர்.

எங்கள் முழவன் நக்கன் பொதியன், சுற்றிலும் ஐந்து முழவுகளை நிறுத்தி நடுவில் தனியாளாய் அமர்ந்து வாசிப்பவன். அவன் இடக்காலடியில் மிதிதாளம் என்றொரு கருவி உண்டு. ஒரு தண்டில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு வெண்கலத் தட்டுகள். பலகையை மிதித்தால் மேல்தட்டு கீழ்த்தட்டின்மேல் அமரும், காலை எடுத்தால் எழும். அந்தத் தட்டுகள் ஒன்றரைச் சாண் அகலம். அதைக் கண்டு குழைக்காதன் பதறிப்போனான். கருங்குன்றத்துத் தூதர் முன் ஒன்றரைச் சாணா? தலையாரி வீட்டுக் காதுகுத்துக்குக் கூடக் கூச்சப்படும் அளவல்லவா அது? இரவோடு இரவாக இரண்டரைச் சாணில் இணை ஒன்றை வார்ப்பித்து, தட்டுக்கு இருவராய்த் தூக்கிவரச் செய்து தண்டில் ஏற்றினான். பொதியன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தட்டைப் பற்றி மிதிப்பவன் பேசத் தொடங்கினால் நாளைக்குக் குதிரையும் சேணத்தைப் பற்றிப் பேசும் என்று குழைக்காதன் சொல்லி, அந்தச் சொல்நயத்துக்காகத் தன்னைத் தானே மெச்சியும் கொண்டான்.

கட்டியக்காரன் தங்கள் மன்னரின் விருதுப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினான். விருதுக்கு ஒரு மிதி என்பது முறை. முதல் விருது கேட்டது. பிறகு கேட்டதெல்லாம் தட்டுதான். அத்தனை கனத்தைக் கால் இறக்கினால், தட்டு தன் வசதிப்படி அடுத்த சொல்லின் தலையில் வந்து அமர்ந்தது. அமர்ந்த ஓசையும் அடங்க மறுத்தது. பகைவரை ஓடச்செய்தவர் என்ற விருதில் பகைவரும் ஓடினர், ஓடச்செய்தவரும் ஓடினார். ‘ஜஞ்’ என்பது மட்டும் களத்தில் நின்றது. அடுத்து இளவரசியார் பாடினார். பாடினார் என்பதை உதடுகள் அசைந்ததை வைத்தே அறிந்தோம். விழா முடியும் பேரோசை கேட்டதும் கொட்டிலுக்குத் திரும்பப் பழகியிருந்த யானை, முதுகில் ஏற்றியிருந்த பரிசில்களோடு அமைதியாகத் திரும்பி நடந்தது. அந்த மண்டபத்தில் முறை தவறாமல் நடந்துகொண்டது அது ஒன்றே. தங்கள் தூதர் ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து போனார்.

அவை கூடிற்று. தட்டை ஏற்றியவன் தானே என்று குழைக்காதன் எழுந்து சொன்னான். கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னான். ஏற்றியது மரியாதை, மிதித்ததே குற்றம் என்று அவையோர் தெளிந்தனர். எங்கள் நாட்டில் பிழை மேலே ஏறுவதில்லை. படிக்கட்டில் மூச்சு வாங்கிக் கீழேயே உட்கார்ந்துவிடும். கருங்குன்றம் பொறுத்தது என்று சொல் வராவிட்டால் வரும் பௌர்ணமியோடு பொதியன் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்றும், மணவிழாவுக்கு உரிய தட்டளவைக் குழைக்காதன் கண்டு சொல்ல வேண்டும் என்றும் ஆணை பிறந்தது.

அளவு கேட்டு அலைந்தான் குழைக்காதன். கேடயத்தின் அளவு இருந்தால் போதும், ஆபத்துக்கும் உதவும் என்றார் சேனாபதி. சனி நகரட்டும், பிறகு வாரும் என்றார் கணியர். நீர் சொல்லும் அளவே சரியான அளவு என்றார் வார்ப்புக்காரர். இரண்டரைச் சாணுக்கும் அவர் இதையே சொல்லியிருந்தார். சரி, சிறிதாவது காப்பாற்றும் என்று ஒரு சாண் தட்டை ஏற்றிப் பார்த்தான். காலுக்குச் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்து முழவுகள் முழங்கியதும் ஓசை தொலைந்தது. முழவுகள் ஓய்ந்த இடைவெளியில் கேட்டபோதோ, வாசலில் மோர் விற்பவள் கிண்ணத்தைத் தட்டுகிறாள் போலும் என்று அரசியார் செம்பு கொடுத்தனுப்பினார்.

கடைசியாகத்தான், முதலில் கேட்டிருக்க வேண்டியவனிடம் போனான். பொதியன் முழவுகளுக்கு உறை கட்டிக்கொண்டிருந்தான். எந்த அளவு என்று கேட்டதற்கு, கண்காணியார் ஏற்றச் சொல்லும் அளவு என்றான். மனத்தில் உள்ளதைச் சொல் என்று வற்புறுத்தியதற்கு, குதிரை சேணத்தைப் பற்றிப் பேசுவதில்லை ஐயா என்றான். குரலில் கோபமில்லை, இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். குழைக்காதன் உறையின் மறுமுனை வாரைப் பிடித்துக்கொண்டான். அந்த முடிச்சையும் தவறாகவே போட்டான். பொதியன் அதை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

ஆகவே ஓலைநாயகமே, வேண்டுகோள் இதுவே. பெரிய தட்டு வைத்தால் பாட்டு சாகிறது. சிறிய தட்டு வைத்தால் எங்கள் வழக்கப்படி தங்கள் மன்னரின் மதிப்பு குறைகிறது. தங்கள் பெருமைக்கு எத்தனை சாண் என்று தாங்களே அருள்க. எந்த அளவாயினும் பொதியனைப் பொறுத்தோம் என்று ஒரு சொல் சேர்த்தருள்க; தண்டம் வேண்டுமாயின் ஓலை விடுத்தவன் தலை அருகிலேயே இருக்கிறது, அளவும் பெரிது.

இவ்வளவு எழுதி, இலச்சினைக்கு அரக்கு உருக்கும்போது, தம் நாட்டுக்குச் செல்லும் ஓலை தம் கண்பட்டே செல்லவேண்டும் என்ற முறைப்படி, இன்னும் எங்கள் விருந்தினர் மாளிகையிலேயே தங்கியிருக்கும் விழுப்பரையர் இதை வாங்கிப் படித்தார். யானை வரும் இடத்தில் சிரித்தார். பிறகு, தாம் எழுந்து போனது சினத்தால் அன்று, காது இரைந்ததில் விழா முடிந்ததாக எண்ணியதால் என்றார். விருதுகள் கேளாதது குறையே அன்று. இருபது ஆண்டுகளாக அவற்றைக் கேட்டவர்க்கு அது ஓய்வு என்றார். ஓலைநாயகமும் அவற்றின்போதுதான் கண்ணயர்வது வழக்கம் என்றார். இதை நாங்கள் நம்பவில்லை. ஆனால் பெண்ணின் பாட்டைக் கேட்டுவந்து சொல்லும்படி இளவரசர் தம்மைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்ததாகவும், அதை முழுதாகக் கேளாமல் எந்த முகத்தோடு ஊர் திரும்புவது என்றே தவித்திருப்பதாகவும் சொன்னார்.

அப்படியாயின் கருங்குன்றத்தின் பெருமைக்கு எத்தனை சாண் என்று குழைக்காதன் கைகட்டிக் கேட்டான். வரவேற்புக்கு முதல்நாள் ஒத்திகையில் அந்த முழவன் தன் பழைய தட்டில் வாசிக்க, இளவரசியார் உடன் மெல்லப் பாடியதில் ஓரடி தம் அறைவரை வந்ததென்றும், தாளமும் கேட்டது, பாட்டும் கேட்டதென்றும் சொன்ன தூதர், எழுத்தாணியை வாங்கித் தம் கையாலேயே கீழ்வருமாறு எழுதி, தம் மன்னர் பெயரால் முத்திரையும் இட்டார்:

ஒன்றரைச் சாண். அவனே வாசிக்க. கண்காணி தட்டின் பக்கம் போகற்க. இது ஆணை.

மருதவேலியின் இலச்சினை இடப்பக்கம், ஓலையின் விளிம்பையும் தாண்டி விழுந்திருக்கிறது. வலப்பக்கம் இருப்பது கருங்குன்றத்தினது. சிறியது, தெளிவாகப் பதிந்திருக்கிறது.