சிவப்பு நூல் பாட்டில், வெள்ளை நூல் பாட்டில்

என் அன்பு நாகுவுக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கல்யாணத்துக்குப் பிறகு கடிதம் எழுதுகிற அளவுக்கு நாம் பிரிந்து இருந்ததே இல்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், தேன்கார லட்சுமம்மா உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிடுகிறேன் என்று நானும் ஒப்புக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சொல்லி முடித்ததும் வீடு முன்பைவிட அமைதியாகிவிட்டது. எழுதினால் நாலு பேர் படிப்பார்கள், அந்த வழியாக உன்னிடமும் வந்து சேரும் என்று ஒரு நினைப்பு.

முதலில் வீட்டு விஷயம். எதிர்ப் புறம் காலியாகக் கிடந்த மனையில் கம்பெனிப் பையன்களுக்காக வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டார்கள். ஒடிசாப் பையன்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்து மாவு பிசைகிறார்கள். என்னைப் பார்த்தால் "அங்கிள்" என்று கை தூக்குவார்கள், நானும் தூக்குவேன். அன்றைக்கு என்னோடு பேசினவர்கள் என்று கணக்குப் பார்த்தால் சில நாள் அவர்கள் மட்டும்தான். நம் மகள் பெங்களூரில் இருந்து தினமும் கூப்பிடுகிறாள், ஆனால் எப்போதும் ஏதாவது டிராபிக்கில் இருந்து. கேஸ் சிலிண்டர் தீரவே மாட்டேன் என்கிறது. அதைத் தூக்கிப் பார்க்கும்போதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

உன் போனை நான் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். ஏன் என்று மகள் கேட்டாள். யாராவது கூப்பிட்டால் என்ன செய்வது என்றேன். யார் கூப்பிடுவார்கள் அப்பா என்றாள். அது நியாயமான கேள்விதான். கடைக்காரர்களின் விளம்பரம் தவிர எதுவும் வரவில்லை, வைகாசி பிறக்கும் வரை.

வைகாசியில் ஒரு காலையில் அது அடித்தது. திரையில் 'தேன் லட்சுமம்மா' என்று நீ பதிந்து வைத்த பெயர். எடுத்தேன். அவள் உன்னிடம் பேசுவதாக நினைத்துத் தெலுங்கில் மளமளவென்று ஆரம்பித்தாள். தேன் எடுத்தாகிவிட்டது, பாட்டிலோடு வா, இந்த முறை உன்னை விடப் போவதில்லை, இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. நான் பேசினதும் அவள் சிரித்துவிட்டு, மேஷ்ட்ரே, அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்க என்று தமிழுக்கு மாறிச் சொல்லி வைத்துவிட்டாள். வாத்தியாரான என்னை அவள் கூப்பிடுவது அப்படித்தான்.

அவளுக்குத் தெரியாது, நாகு. எப்படித் தெரியும்? வருஷத்துக்கு ஒருமுறை தேன் எடுக்கிற காலத்தில்தான் உங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு. அவள் இருப்பது கெலவரப்பள்ளி அணைக்கு அந்தப் பக்கம். நீ போனது தை மாதம். சொல்ல வேண்டியவர்கள் என்று நான் யோசித்துக் கூப்பிட்டவர்களில் தேன் விற்கிறவள் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் உன் கண்ணாடி பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். வழியெல்லாம் கம்பெனி பஸ்களும் லாரிகளும். அணையில் வெள்ளையாக நுரை மிதந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாக்கியத்தைக்கூட மனதில் அமைத்து வைத்திருந்தேன். வகுப்புக்குப் போகும் முன் முதல் வரியைத் தயார் செய்துகொள்வேனே, அப்படி.

லட்சுமம்மா, தேனடைகளைச் சுற்றித் தேன் பிரிக்கும் டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் பின்னால் பார்த்தாள். ஸ்கூட்டரின் பின் சீட்டைப் பார்த்தாள்.

"அக்க ராலேதா மேஷ்ட்ரே?"

அக்கா வரவில்லையா என்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பதிலும் சொல்லிவிட்டாள். "முழங்கால் வலியா? போன வருஷமே சொன்னாங்க, ஸ்கூட்டர்ல ஏற முடியலன்னு."

நான் தலையாட்டிவிட்டேன்.

எத்தனையோ பிள்ளைகள் என் முன்னால் நின்று இப்படித் தலையாட்டியிருக்கிறார்கள். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டு, வயிற்று வலியா என்று நாமே எடுத்துக் கொடுப்போம். பிள்ளை தலையை ஆட்டும். பொய் சொல்கிறான் என்று நினைப்பேன். பொய்யை அவன் கையில் வைத்ததே நான்தான் என்று இப்போதுதான் புரிகிறது. அது கைக்கு வந்துவிட்டால் கீழே போடுவது எவ்வளவு கஷ்டம் என்பதும்.

உங்கள் விளையாட்டை அவள் மறக்கவில்லை. படிக்கிறவர்களுக்கு அது தெரியாது என்பதால் சொல்கிறேன். லட்சுமம்மா தன் தேனீப் பெட்டிகளில் பாதியை ஆற்றங்கரைப் புங்கமரங்களின் அடியில் வைப்பாள், மீதியைப் பாகலூர்ப் பக்கம் ஒரு முருங்கைத் தோட்டத்தில். காய்ச்சாமல், துணியில் மட்டும் வடிகட்டி, அவரவர் கொண்டுவரும் பாட்டிலில் ஊற்றித் தருவாள். ஊற்றுவதற்கு முன்னால் உன் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விடுவாள், எது எந்தப் பூ என்று நீ சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் உள்ளங்கை அகலத்துக்குத் தேனடை உனக்கு. தப்பாகச் சொன்னால் அவளுக்கு ஒரு முழம் கனகாம்பரம் நீ வாங்கித் தர வேண்டும். அந்தக் கனகாம்பரத்தை அவள் தலையில் நான் பார்த்ததே இல்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்து, விழுங்காமல், யாரோ தூரத்தில் பேசுவதைக் கேட்கிறவள் மாதிரி நிற்பாய். நான் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று, கிளம்பலாமா என்று மணி பார்ப்பேன்.

இந்த வருஷம் அவள் இரண்டு சின்ன மருந்து பாட்டில்களைக் கழுவிக் காயவைத்துத் தேன் நிரப்பி வைத்திருந்தாள். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், இன்னொன்றில் வெள்ளை நூல்.

"அக்காவுக்குக் கால்தானே வரல, நாக்கு நல்லாதானே இருக்கு. குடுத்துக் கேட்டுட்டு வாங்க. அப்புறம்தான் பெரிய பாட்டில் ரொப்புவேன். நீங்க வழியிலே நக்கிடாதீங்க மேஷ்ட்ரே, உங்களுக்கு வெல்லப்பாகும் ஒண்ணுதான், தேனும் ஒண்ணுதான்."

அக்காகிட்டச் சொல்லுங்க, அக்காகிட்டச் சொல்லுங்க என்று அவள் கேட் வரைக்கும் ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தாள். நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். திரும்பி வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. பேங்கில் நீ இல்லை, ரேஷன் கார்டில் இல்லை, உன் அண்ணன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் மட்டும் தனியாக அச்சாகியிருக்கிறது. உலகத்தில் லட்சுமம்மாவின் வாசல் ஒன்றில்தான் நீ முழங்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்து தேனுக்குக் காத்திருக்கிறாய். அந்த ஒரு இடத்தையும் நானே போய் மூட வேண்டுமா?

இரண்டு பாட்டிலையும் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். பதில் வேண்டும். பதில் சொல்ல வேண்டியவள் இல்லை.

அடுத்த சில நாட்கள் எனக்கு அதுதான் வேலை. சிவப்பு நூலில் ஒரு சொட்டு. தண்ணீர் குடித்துவிட்டு வெள்ளை நூலில் ஒரு சொட்டு. நீ நின்ற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். எதிர்ப் பையன்களில் ஒருவன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அங்கிள் பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்துச் சத்தம் போடாமல் போனான். எத்தனை முறை வைத்தாலும் இரண்டும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. ஒரே இனிப்பு, முடிவில் ஒரே லேசான காரல். என் நாக்கு அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன்.

உன்னைக் கேட்டேன். புங்கம் தொண்டையைப் பிடிக்கும், முருங்கை சீக்கிரம் ஓடிவிடும் என்று நீ ஒருமுறை ஸ்கூட்டரின் பின்னால் இருந்து சொன்ன ஞாபகம் வந்தது. நான் அப்போது லாரிக்கு வழி விட்டுக்கொண்டிருந்தேன். முழுதாகக் கேட்டேனா? நீ சொன்னதைப் பாதிப் பாதியாகக் கேட்டது இன்னும் எத்தனை இருக்கும்?

கடைசியில் சிவப்பு புங்கம், வெள்ளை முருங்கை என்று தீர்மானித்தேன். எதை வைத்து என்று கேட்காதே.

மறுபடி நான் போனபோது லட்சுமம்மா டிரம்மில் தேனடைச் சட்டங்களை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். கைப்பிடியை விடாமலே, அக்கா என்ன சொன்னாங்க என்றாள்.

"சிவப்பு நூல் புங்கமாம். வெள்ளை முருங்கையாம்."

அவள் சுற்றுவதை நிறுத்தினாள். "அக்காவா சொன்னாங்க? நெஜமா?" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சின்னப் பெண் மாதிரி, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவரிடம் தெலுங்கில் கூவி ஏதோ சொன்னாள். "ரெண்டும் ஒண்ணு மேஷ்ட்ரே. ஒரே டப்பாவுல இருந்து ஊத்தினேன், ரெண்டும் புங்கம். நூல்தான் வேற. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் அக்கா தோத்திருக்காங்க. ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டு வாங்க, அவங்க கையாலதான் எனக்குப் பூ வேணும்."

நாகு, அந்த நேரத்தில் நான் சரி என்று சொல்லியிருக்கலாம். உன் முழங்கால் வலியை இன்னொரு வருஷத்துக்கு நீட்டியிருக்கலாம். மறுநாள் ஒரு முழம் பூ வாங்கி வந்து, நீ கொடுத்ததாகக் கொடுத்திருக்கலாம். லட்சுமம்மாவும் சந்தோஷமாக இருந்திருப்பாள். ஆனால் ஒரு நூலின் நிறத்தைப் பார்த்து உன் நாக்கு ஏமாந்தது என்று அந்த வாசலில் ஒரு பேச்சு நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. நீ அங்கே உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தேன். அங்கே இருப்பது நீயே இல்லை, என் நாக்கை வைத்துக்கொண்டிருக்கிற வேறு யாரோ.

"நாகு தோக்கல, லட்சுமம்மா. அவ அத வாயிலேயே வெக்கல. அவ தை மாசமே போயிட்டா."

லட்சுமம்மா டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு மூன்று தேனீக்கள் அவள் கையில் ஒட்டியிருந்த தேனில் வந்து உட்கார்ந்தன. அவள் அவற்றை ஓட்டவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு போன் பண்ணியிருந்தால் வந்து முகம் பார்த்திருப்பேனே என்றாள். என்னை இப்படிச் சிரிக்க விட்டுவிட்டீர்களே என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் புங்கம் முருங்கை என்று பிரித்தது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

"உங்க நாக்குக்கு என்ன தோணுச்சு?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அழுத முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. "அதையே சொல்லியிருக்கலாம் இல்ல மேஷ்ட்ரே."

சரியான விடையை எழுதிவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து அதை அழித்து எழுதுகிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் பக்கத்தில் நின்று, உன் கையை நம்பு என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். நான் எட்டிப் பார்த்தது உன் தாளை. அது காலியாக இருந்தது.

லட்சுமம்மா எழுந்து போய் ஒரு தேனடையை அறுத்து வாழை இலையில் வைத்துக் கொண்டுவந்தாள். "இது அக்காவுக்குன்னு நெனச்சுக்காதீங்க. கண்டுபிடிச்சது நீங்க," என்றாள். பாட்டிலை வாய் வரைக்கும் நிரப்பினாள். அதன் பிறகுதான், நான் ஸ்கூட்டரைத் திருப்பும்போது, உனக்கான செய்தியைச் சொன்னாள்.

"இந்த வருஷம் நான் ஏமாத்துனேன்னு அக்காகிட்டச் சொல்லிடுங்க. மறக்காதீங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லிவிட்டேன், நாகு. லட்சுமம்மா உன்னை ஏமாற்றப் பார்த்தாள். நீ தோற்கவில்லை.

வீட்டுக்கு வந்து அடையை மெல்ல மெல்ல, தேன் போய் மெழுகு மட்டும் வாயில் தங்கியது. இதை நீ என்ன செய்வாய் என்று யோசித்து, உன் தையல் டப்பாவைத் திறந்தேன். ஊசிகளுக்கு நடுவே மெழுகு உருண்டை ஒன்று, நூலை இழுத்து இழுத்துப் பள்ளம் விழுந்தது. அதன் பக்கத்தில் என்னுடையதையும் உருட்டி வைத்திருக்கிறேன். உன்னுடையதை விடச் சின்னது.

கிளம்பும்போது லட்சுமம்மா இன்னொன்றும் கேட்டாள். அடுத்த வருஷம் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்று. அதே நம்பருக்கே கூப்பிடு என்றேன்.

அதனால் உன் போனைத் தொடர்ந்து சார்ஜில் வைத்திருப்பேன். அது அடித்தால் எடுப்பேன், என் பெயரைச் சொல்லிப் பேசுவேன், போவேன். உள்ளங்கையை நானே நீட்டுவேன். தப்பாகச் சொன்னால் தப்பு என்னுடையது, கனகாம்பரமும் நானே வாங்கிக் கொடுப்பேன். நீ சொல்லாத எதையும் நீ சொன்னதாக யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று மணி பார்த்த,
உன் வீட்டுக்காரன்,
ராமலிங்கம்