பூட்டாத அறை

மார்ச் 4

போலீஸ் மேல் நான் போட்ட வழக்கில் அரசுத் தரப்பின் பதில் மனு வந்தது. விசாரணைக்கு உதவ நானே முன்வந்து காவல் நிலையத்தில் தங்கினேனாம்! ஜெயிலை மாமியார் வீடு என்று கேலிக்குச் சொல்வோம். இவர்கள் நிஜமாகவே நம்பிவிட்டார்கள் போலிருக்கிறது. தம்பி அகப்படவில்லை என்று, ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து வந்த என்னை ஜீப்பில் ஏற்றி, மாடி அறையில் நாட்கணக்கில் உட்கார வைத்தார்கள். கைது செய்ததாகப் பதிவில்லை, ஆகவே காவலே இல்லையாம். ரசீது கொடுக்காமல் திருடினால் திருட்டு இல்லையா?

வக்கீலம்மா சொன்னார்: "கோவத்த பத்திரமா வச்சுக்கங்க. கோர்ட்ல தேவைப்படும்."

மார்ச் 9

கணவரின் அண்ணன் சாப்பிட வந்திருந்தார். "உன் தம்பி சரணடைஞ்சதும் விட்டுட்டாங்கல்ல? ஒரு அடிகூட விழல. எதுக்கும்மா இந்த வம்பு?"

அடி விழவில்லை. அதற்கு நன்றி சொல்லணுமா? கழிப்பறைக்குப் போகக்கூட ஒருத்தன்கிட்ட கேட்டுட்டு நின்னேனே — தாழ் போடாதேன்னு சொன்னானே — அதெல்லாம் எந்தக் கணக்கு?

இவர் தட்டிலிருந்து நிமிராமல், "அண்ணா, அவ கோர்ட்டுக்குப் போறா. நானும் கூடப் போறேன்" என்றார். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார்.

மார்ச் 10

பரிசோதனைக்கு வந்த ஒரு பெரியவருக்கு ஊசியை இரண்டு தடவை தப்பாகக் குத்திவிட்டேன். பாவம், அந்தப் பெரியவர் பயந்துவிட்டார்.

மார்ச் 18

குறுக்கு விசாரணை. அரசு வக்கீல், "கதவு பூட்டியிருந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். "கையக் கட்டியிருந்தாங்களா?" இல்லை. "அப்ப எந்திரிச்சுப் போயிருக்கலாமே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"உங்க பொண்ண அந்த ரூம்ல உக்கார வச்சுட்டு இதே கேள்விய கேளுங்க சார்!" — கத்திவிட்டேன். நீதிபதி கண்டித்தார்.

கெடுத்துட்டேனா? எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேனா?

ஏப்ரல் 2

இன்று அந்த நிலையத்து இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறினார். வக்கீலம்மா குரலை உயர்த்தவே இல்லை. கல்யாண வீட்டில் நலம் விசாரிப்பது போலக் கேட்டார்.

"நல்லா கவனிச்சுக்கிட்டீங்க போல?"

"ஆமா மேடம். சாப்பாடு, போர்வை, எல்லாம் குடுத்தோம்."

"ரெண்டாம் நாளே அவங்க கிளம்பறேன்னு இறங்கி வந்திருந்தா?"

"அதெப்படி மேடம்? தம்பி வராம இவங்கள எப்படி விட முடியும்?"

நுணலும் தன் வாயால் கெடும். அரசு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். "சொன்னத அப்படியே பதிவு பண்ணுங்க" என்றார் நீதிபதி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆள் அதைத் தப்பென்றே நினைக்கவில்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

மே 21

தீர்ப்பு. சட்டவிரோதக் காவல்தான். வெளியே போகும் உரிமையைப் பறிக்கப் பூட்டு தேவையில்லை என்று நீதிபதி வாசித்தார். இவர் என் கையை இறுகப் பிடித்தார். இன்ஸ்பெக்டர் மேல் துறை நடவடிக்கையாம். அதுவரை அதே நாற்காலி. போதாது. போதவே போதாது.

ஜூன் 3

ஒரு அம்மா என்னைத் தேடிப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். மகளை நேற்று "சும்மா விசாரிக்க" அழைத்துப் போனவர்கள் இன்னும் அனுப்பவில்லையாம். அதே நிலையம். வக்கீலம்மாவுக்குப் போன் செய்துவிட்டு, அந்த அம்மாவோடு கிளம்பினேன். நிலையத்தின் படியேறினேன்.

வாசல் காவலர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். "நீங்க எதுக்கு மேடம்..."

"இவங்க பொண்ண கூட்டிட்டுப் போக வந்தோம்."

உள்ளே போனார். ஏதோ பேச்சு, போன் சத்தம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அம்மா முதலில் அவள் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகுதான் கட்டிக்கொண்டு அழுதார்.