குரோனுமா கழுவிய ஜாடி

சக்காய், டிசம்பர் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

அங்கே கடல்காற்று இப்போது ஊசியாய்க் குத்தும். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நலம்.

ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள். உங்கள் வலையில் சிக்கிய பிளாஸ்டிக் பாட்டிலை அனுப்பினீர்களே, அதன் பாசியில் கிடைத்த பாக்டீரியாவை வசந்தத்திலிருந்து ஒரு ஜாடியில் வளர்த்தேன். உள்ளே போட்ட பிளாஸ்டிக் துண்டை அது தின்று, போன வாரம்தான் ஓட்டை விழுந்தது. கொஞ்சம் எடுத்துப் பத்திரப்படுத்தக் குளிர்பெட்டியில் இடம் கேட்டேன். என்னைப் போன்ற ஒப்பந்த ஆளுக்கு இன்னும் தரவில்லை.

நேற்று ஆண்டிறுதிப் பெருஞ்சுத்தம். ஆய்வகத் தலைவர் குரோனுமாவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். "ஐயே, இந்த நாத்தத்தோடயா புது வருசத்துக்குள்ள போறது?" என்று என் ஜாடியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருக்கிறார். சுற்றி நின்றவர்களுக்கு அது என்னவென்று தெரியும். தலைவரே தேய்க்கும்போது யார் வாய் திறப்பார்கள்? நான் குப்பை கொட்டிவிட்டு வந்தபோது ஜாடி பளபளவென்று கவிழ்ந்திருந்தது.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் குனிந்து, "கண்ணுல படற எடத்துல வெச்சது என் தப்புதாங்க" என்றேன். "விடுப்பா, எல்லாருக்கும் நடக்கறதுதானே" என்று அவர் என்னை மன்னித்தார்!

புத்தாண்டுக்கு வர முடியாது. கம்பளிக் காலுறை அனுப்புங்கள். வலையில் இன்னொரு பாட்டில் வந்தால் அதையும் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். அம்மா கண்ணில் பட வேண்டாம்; மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, அலசித்தான் தருவாள்.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. ஆய்வகத்துக்கு வேண்டாம், என் அறைக்கே அனுப்புங்கள். இங்கே எதையும் கழுவ யாரும் வருவதில்லை.

ஷுன்பே