ஒட்டாது என்று சொன்னவளுக்கு

இன்று காலை எங்கள் மேற்கு மாம்பலம் குடியிருப்பின் மாடிப்படி முழுக்க ஒரே கேஸ் நாற்றம். கீழ்வீட்டுக்காரர் கதவு கதவாகத் தட்டி, "சிலிண்டரை மூடுங்க, சுவிட்சைத் தொடாதீங்க" என்று கத்திக்கொண்டே ஏறினார். குழந்தை குட்டிகளோடு எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். அத்தனை பேரும் பயந்த முகத்தோடு நிற்க, நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். உன் நினைவு வந்துவிட்டது.

நம் ஆய்வகத்தில் பெப்டைடை அது வளரும் பிசின் மணிகளிலிருந்து பிரித்தெடுக்கும்போது நாம் சேர்க்கும் தயோல் என்கிற கந்தகத் திரவமும், கசிந்தால் தெரியட்டும் என்று சமையல் கேஸில் கலக்கிற பொருளும் ஒரே குடும்பம். நாற்றமும் ஒன்றுதான். என்ன கையுறை போட்டாலும் துணியில் ஏறும், தலைமுடியில் ஏறும். அடையாறில் நாம் ஷேர் ஆட்டோவில் ஏறினால் உட்கார்ந்திருந்தவர்கள் தானாக நகர்ந்து இடம் கொடுப்பார்கள். ஒருநாள் மந்தைவெளியில் நீ வீட்டுக்குள் நுழைந்ததும், பக்கத்து வீட்டில் பயந்துபோய் ஏஜென்சிக்குப் போன் போட்டுவிட்டார்கள். மெக்கானிக் வந்து வரிசையாக எல்லா அடுப்பையும் கழற்றிப் பார்த்தாராம். "நைனா, அடுப்புல ஒண்ணும் இல்ல, லீக்கு நான்தான்" என்று நீ அவரிடம் சொன்னதை மறுநாள் கேட்டு எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

நாம் ஒரே நாளில் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தவர்கள். மீட்டிங்கில் நீ பேசும் ஆங்கிலம் இஸ்திரி போட்டதுபோல் இருக்கும். கதவைத் தாண்டியதும் "இன்னாடி, செல்லு நல்லா கீதா?" என்பாய். நமக்குக் கொடுத்த வேலையைச் சொல்வது எளிது. சில புற்றுக்கட்டிகளின் செல்கள் மேல், வளர்ச்சிக் காரணியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் அளவுக்கு மீறி இருக்கும். வளர்ச்சிக் காரணி வந்து அதில் உட்கார்ந்தால், பெருகச் சொல்லி செல்லுக்கு உத்தரவு. அதே ஏற்பியில் போய் உட்காரும்படி நாம் ஒரு பெப்டைடைக் கட்ட வேண்டும். அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிச் சங்கிலி அது. சரியாக உட்கார்ந்துவிட்டால், பிறகு அதன் முதுகில் மருந்தை ஏற்றி அனுப்பலாம்.

முதல் பெப்டைடில் ஒளிரும் சாயத்தைச் சேர்த்துச் செல்களின் மேல் விட்டோம். நுண்ணோக்கியில் எங்கு பார்த்தாலும் பச்சை வெளிச்சம். இனிப்பு வாங்க நான் பையைத் தூக்கிவிட்டேன். நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "கலைச்சுப் போட்டத வுட்டுப் பாத்தியா?" என்றாய். அதே அமினோ அமிலங்கள்தான், வரிசையை மட்டும் கலைத்துக் கோத்த இன்னொரு சங்கிலி. அதற்கு ஏற்பியைத் தெரிய நியாயமில்லை. அதுவும் ஒளிர்ந்தால், நம் பெப்டைடு ஏற்பியைத் தேடிப் போகவில்லை, கண்ட இடத்தில் பசைபோல ஒட்டுகிறது என்று அர்த்தம்.

நீயே அதைச் செய்தாய். நீயே விட்டுப் பார்த்தாய். அதுவும் பளிச்சென்று ஒளிர்ந்தது. அத்தனை மாத உழைப்பும் போயிற்று. "இன்னா மொறைக்கிற? பேஷன்ட்டுக்குக் குத்துனப்பறம் தெரிஞ்சா நல்லாருக்குமா?" என்றாய். உன்னை எனக்கு அன்றைக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சங்கிலியின் இரண்டு முனைகளையும் பூட்டி வளையமாக்கலாம் என்பது என் யோசனை. தளர்ந்த சங்கிலி இஷ்டத்துக்கு நெளியும், வளையம் ஒரே உருவத்தில் நிற்கும் என்று வாதாடினேன். மந்தைவெளி ஸ்டேஷன் வாசலில் பஜ்ஜி தின்றுகொண்டே நீ தலையை ஆட்டினாய். "ஒட்டாது. வெறைச்சுக்கினு நிக்கும், அவ்ளோதான்." சொன்னதோடு விட்டாயா? அந்த வளையத்துக்கும் வரிசை கலைந்த ஜோடி ஒன்றை, ஒரு குறை சொல்ல முடியாத சுத்தத்தில் செய்து முடித்தாய். என்னைத் தோற்கடிக்க நீ எடுத்துக்கொண்ட சிரத்தையை, நான் ஜெயிக்க வேண்டும் என்று வேறு யாரும் எடுத்துக்கொண்டதில்லை.

அதை ஃப்ரீசரில் வைத்துவிட்டு, காய்ச்சலடிக்கிறது என்று வீட்டுக்குப் போனாய். டெங்கு. அடுத்த வாரம் நீ இல்லை. புற்றுநோயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளை ஒரு கொசு கொண்டுபோய்விட்டது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது, அழுகை அதற்கப்புறம்தான்.

உன் காரியம் முடிந்து வந்து இரண்டு வளையங்களையும் எடுத்தேன். ஏற்பி இருக்கிற செல்களில் என்னுடையது ஒளிர்ந்தது. நீ கலைத்துச் செய்தது, கழுவியதும் போய்விட்டது. ஏற்பி இல்லாத செல்களில் இரண்டுமே ஒட்டவில்லை. பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினேன். பார்த்தாயா என்று சொல்ல ஆள் இல்லை. இன்னொரு தபா போட்டுப் பார் என்றுதான் நீ சொல்லியிருப்பாய். போட்டேன். புதிதாக வளர்த்த செல்களில், எந்தக் குழாயில் எது என்று சொல்லாமல் வேறொருவரையும் போடச் சொன்னேன். அதே முடிவு. அடுத்தது எலிகளில் சோதனை. மனிதர்களிடம் போய்ச் சேர இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது. ஆனால் இந்த வளையம் நிற்கும். எனக்குச் சந்தேகமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் சொல்லப் போனேன். யாருடைய ப்ளவுஸுக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். "ஆன்ட்டி, நாங்க பண்ணினது வேலை செஞ்சிடுச்சு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "எம் பொண்ணு சொன்னாமாரியே ஆச்சாம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் நீ என்னை மன்னித்திருக்க மாட்டாய். "இல்ல ஆன்ட்டி. அவ ஒட்டவே ஒட்டாதுன்னு சொன்னா. அவ சொன்னது தப்பாப் போச்சு."

ஊசி அப்படியே நின்றது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். அவர் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்.

"வரவங்க எல்லாம் தங்கமான பொண்ணு, தெய்வம்னு சொல்லிக்கினு கீறாங்க. யாரையோ சொல்றாமாரி இருக்கும் எனக்கு. நீ ஒருத்திதாம்மா எம் பொண்ணப் பத்திப் பேசற. கொழம்புல ஒரு நொட்டை சொல்லாம துன்னதே கெடையாது அவ." கொக்கியைத் தைத்து முடித்து நூலை அறுத்துவிட்டு, "தோத்துட்டேன்னு ஒத்துக்குவாளா?" என்றார்.

"மாட்டா ஆன்ட்டி."

"மாட்டா" என்று அவரும் சொன்னார். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் அழுதோம்.

இப்போது புதிய வரிசை ஒன்றில் இறங்கியிருக்கிறேன். அதைக் கோப்பதற்கு முன்பே அதன் கலைந்த ஜோடியைச் செய்துவிடுகிறேன். செய்கிற நேரத்தில் நான் உன் கட்சி. என் பெப்டைடு தோற்க வேண்டும் என்று முழு மனதோடு விரும்பித்தான் செய்கிறேன். அந்த வேலையில் என் கை உன் அளவுக்கு இன்னும் வரவில்லை, வந்துவிடும். ஆனால் வளைய விஷயத்தில் நீ சொன்னது தப்புடி. அதைக் கேட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வர நீ இருந்திருக்க வேண்டும்.